இயந்திரப் பட்டியலில் ஒன்பதாவது

எங்கள் வீதியில் வாரிசு எழுதாத கடைகள் மெலியும். மூடுவதில்லை. மாதத்துக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று அகலம் குறையும். இரண்டு பக்கத்துச் சுவரும் உள்ளே வரும். உள்ளே இருப்பவருக்கு முதலில் தெரியாது. முழங்கை இடிக்கும்போதுதான் தெரியும்.

பக்கத்துக் கடை டெய்லர் மருதாசலம் இப்போது ஒன்றரை அடி அகலத்தில் தொழில் செய்கிறார். உடம்பைத் திருப்பி, சுவரோடு சுவராக நின்று தைக்கிறார். அளவு கொடுக்க வருபவர்கள் வெளியில் நிற்பார்கள். அவர் ஒரு கையை மட்டும் நீட்டி டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார். மறுமுனையை வாடிக்கையாளரே பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

"எழுதறதுக்கு ஆளில்லீங்கக்கா," என்பார். பதினைந்து வருடமாக அவருடைய ஒரு காதை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கடை மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்தாலும் எங்களிடம் வரும். எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, சூடு காட்டிக் கொடுப்போம். பலகையில் 'மயிலாத்தாள் மோட்டார் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். மயிலாத்தாள் நான்தான்.

கடை பதினாறு அடி அகலம். தை மாதம் அளந்தபோது பதினைந்து இருந்தது. ஆடியில் பதினாலேகால். டேப் பொய் சொல்கிறது என்று வேறு டேப் வாங்கினேன். அதுவும் அதே பொய்யைச் சொன்னது.

புரட்டாசியில் கடிதம் வந்தது. கடை ஆயுள் அலுவலகம் என்று மேலே அச்சடித்திருந்தது. 'தங்கள் கடைக்கு இன்னும் எழுபது வருட ஆயுள் பாக்கி உள்ளது. தங்களுக்கு அவ்வளவு இல்லை. நேரில் வரவும்.' மரியாதையான கடிதம். நான் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரு நீள நடை. தள்ளிப்போட்ட வருடங்களுக்கு ஏற்ப இந்த நடை நீளும் என்று சுவரில் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் போன பேக்கரிக்காரர் நான்கு எட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பத்து மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டரைக்கு வழியில் ஒரு கேண்டீன் வந்தது. தயிர் சாதம் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு மறுபடி நடந்தேன். மூன்றரைக்குக் கவுண்டர் வந்தது.

கவுண்டரில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பங்கஜவல்லி, ஆய்வாளர் என்று பெயர்க்கட்டை இருந்தது. முன்னால் ஒரு டப்பாவில் வெட்டிய கொய்யா.

"எத்தன வருசமாத் தள்ளிப் போட்டீங்க?"

"பதினொண்ணு."

"கால் வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

"வலிக்கும்," என்று சொல்லிப் படிவத்தைத் தள்ளினார்.

முதல் கேள்வி, பெயர். இரண்டாவது கேள்வி, 'நீங்கள் இல்லாதபோது நீங்கள் யார்?' மூன்றாவது, வாரிசு. இரண்டாவதை விட்டுவிட்டேன்.

"விடக் கூடாதுங்க. திருப்பி அனுப்பிருவாங்க."

"என்னன்னு எழுதட்டும்?"

"எல்லாரும் மேற்படின்னு எழுதுவாங்க."

மேற்படி என்று எழுதினேன். மூன்றாவதில் யோசிக்கவே இல்லை. யசோதா, மகள், வயது முப்பத்து நான்கு என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. பெண்பிள்ளை என்று ஒதுக்குகிற ரகம் இல்லை நான். நானே பெண்பிள்ளைதான். பதினொரு வருடமாக யசோதாதான் கடையில் காயில் கட்டுகிறாள். என் கண்ணுக்கு இப்போது மெல்லிய கம்பி சரியாகத் தெரிவதில்லை.

பங்கஜவல்லி ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் திறந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். நிறுத்தினார்.

"யசோதா ஏற்கெனவே இதுல இருக்குதுங்களே."

"வாரிசாவா?"

"மிஷின் லிஸ்ட்ல. ஒம்பதாவது நெம்பர்."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். காயில் சுற்றும் மிஷின் ஒன்று. டிரில்லிங் மிஷின் ஒன்று. கிரைண்டிங் மிஷின், வார்னிஷ் அடுப்பு, செயின் பிளாக், இன்னும் மூன்று. ஒன்பதாவது, யசோதா ஒன்று. நிலை, நல்ல ஓட்டத்தில் உள்ளது. போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆய்வு செய்யப்பட்டது.

"இதெப்பிடி வந்துச்சு?"

"பொட்டு வெச்சிருந்ததை எல்லாம் எழுதிக்கிட்டோமுங்க."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடம் ஆயுத பூஜையன்று கடையைக் கழுவிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தேன். ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கவாட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். வரிசைக் கடைசியில் யசோதா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக ஒரு மில் வேலை. அசதியில் ஆடாமல் அசையாமல் இருந்தாள். மனிதருக்கு நெற்றியில் வைப்போம். நான் கை வழக்கத்தில் அவளுக்கும் தோளில் மூன்று விரல் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, சூடம் காட்டப் போய்விட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

"தப்பு நடந்துபோச்சுங்க. அடிச்சிருங்க," என்றேன்.

"மிஷினை அடிக்கோணும்னா காயலாங்கடை ரசீது வேணும்."

"என்ற மகளுங்க அது."

"இருக்கலாமுங்க. ரசீது இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப மிஷின்தான். மிஷினுக்குச் சொத்து எழுத முடியாது." கொய்யாவில் ஒரு துண்டு எடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். "வேற பசங்க இல்லீங்களா?"

மகன் ஒருவன் இருக்கிறான். பிரசன்னா. பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் இருக்கிறான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த மீட்டிங். நடுவில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் எழுந்து வந்தான். கவுண்டரில் நின்றபடியே அவனுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன்," என்று கிசுகிசுத்தான்.

"தெரியும் சாமி. கடையை உன்ற பேருக்கு எழுதட்டுமா?"

"எந்தக் கடை?"

"நம்ம கடை."

"அது இன்னும் இருக்கா? வித்துருங்கம்மா. என் முறை வருது, வெச்சிடறேன்."

அவன் பேசும் முறை ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறது. பாவம், அவன் நல்ல பையன். ஆனாலும் 'அது இன்னும் இருக்கா' என்று கேட்டது என்னை அறுத்துவிட்டது. அந்தக் கடையில் சுற்றிய கம்பியில்தான் அவன் படித்தான். போனை வைத்துவிட்டு, அவர் கொடுத்த கொய்யாவைத் தின்றேன்.

பங்கஜவல்லி டப்பாவை மூடினார்.

"நாளைக்கு நான் நேர்ல வாரேன். நீங்க இல்லாம கடை ஓடுதான்னு பார்க்கோணும். ஓடலைன்னா ஒரு சட்டம். ஓடுனா ஒரு சட்டம்."

"நான் எங்க போகட்டும்?"

"எங்கயும் போக வேண்டாமுங்க. இல்லாம இருந்தாப் போதும்."

திரும்பும்போது அந்த நடை நான்கு எட்டுதான் இருந்தது.

கடைக்கு வந்தபோது யசோதா ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன். அவள் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனாவது நெம்பர்?"

"ஒம்பது."

"டிரில்லிங் மிஷினுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

யோசித்தாள்.

"எப்பிடியோ, ஒரு லிஸ்ட்ல இருக்கேன். இதுக்கு முன்ன எதுலயும் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன். கேட்டதெல்லாம் வாங்கித் தந்திருக்கிறேன். அவள் எதையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அன்று சாயங்காலம் அவளிடம் நான் அதிகம் பேசவில்லை. கோபம் யார் மேல் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் பத்தரைக்குப் பங்கஜவல்லி வந்தார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லி ஒரு பழைய மோட்டார் மேல் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப இருந்து நீங்க இல்லீங்க," என்றார்.

அதன்பிறகு நான் இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான ஸ்டூலில், வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். இடுப்பு வலி இருந்தது.

பதினொரு மணிக்கு நாச்சிமுத்து வந்தார். தக்காளி போடுகிறவர். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக அவருடைய மோட்டார் எரிந்திருக்கிறது. மோட்டாரை உள்ளே கொண்டுவரும்போது இரண்டு பக்கத்து மிஷினிலும் உரசியது. போன தடவை உரசவில்லை. ஸ்டூல் காலியாக இருப்பதாக நினைத்து, கையிலிருந்த பையை என் மடியில் வைத்தார். பையில் தக்காளி இருந்தது.

"அக்கா எங்க கண்ணு?"

"இல்லீங்க," என்றாள் யசோதா.

"அடடா." தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நல்ல மனுசி. கொஞ்சம் வாய் சாஸ்தி."

"ஆமாங்க."

நான் வாயைத் திறந்தேன். பங்கஜவல்லி விரலை உயர்த்தினார்.

"இல்லாதவங்க பேசக் கூடாதுங்க."

மூடிக்கொண்டேன். நானாக இருந்தால் மோட்டாரை வாங்கி, வியாழக்கிழமை வாங்க என்று சொல்லி அனுப்பியிருப்பேன். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் அனுப்பினேன். யசோதா மோட்டாரை உடனே வாங்கவில்லை. கேள்வி கேட்டாள்.

"போரை இன்னும் ஆழப்படுத்துனீங்களா?"

"ஆமா, சித்திரைல. இன்னொரு எரநூறு அடி."

"கேபிளு?"

"இருக்கறதுலயே ஒட்டுப் போட்டு நீட்டிட்டோம்."

"அதானுங்க. கேபிள் மெல்லிசு, தூரம் சாஸ்தி. கீழ போறப்ப கரண்டோட தெம்பு கொறஞ்சு போகுது. மோட்டார் மூச்சு முட்டி எரியுது. கேபிளை மாத்தாம நான் எத்தன தடவ சுத்திக் குடுத்தாலும் மறுபடி எரியும்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார்.

"இதை ஏங்கண்ணு முன்னாலயே சொல்லல?"

"முன்னால நான் பேசறதில்லீங்க."

"வார்னிஷ் பத்தாது, வாங்கி வை," என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"ஒண்ணு," என்று பங்கஜவல்லி குறித்துக்கொண்டார்.

நாச்சிமுத்து சுற்றும் முற்றும் பார்த்தார். "என்னமோ சத்தம் கேட்டுச்சே."

"பழைய கடைங்க," என்றாள் யசோதா. "அப்பப்ப அப்பிடித்தான்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு போனார். நல்ல கேபிள் போட்டுவிட்டு வந்து மோட்டாரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது முகம் தெளிவாக இருந்தது. என்னிடமிருந்து அவர் அப்படித் தெளிவாகப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மத்தியானம் வரை இன்னும் ஆறு பேர் வந்தார்கள். நான் மொத்தம் பதினாலு தடவை பேசினேன். பதினாலையும் பங்கஜவல்லி எழுதினார். யாரும் என் பேச்சைக் கேட்டு எதையும் மாற்றிச் செய்யவில்லை. கடை ஓடியது.

நான்கு மணிக்குப் பங்கஜவல்லி எழுந்து புடவையைத் தட்டிவிட்டார்.

"இப்ப நீங்க இருக்கீங்க. கடை நல்லா ஓடுது. மிஷினு ஒம்பது பிரமாதம்."

"அதை நான் சொல்லல? அவதான் வாரிசு."

"மிஷினுக்குக் கடை எழுத முடியாது. ஆனா நீங்க இல்லாம ஓடுற கடைக்கு இன்னொரு சட்டம் இருக்குதுங்க. கடையை மிஷினோட உதிரியா எழுதலாம். பெல்ட்டு, ஸ்டாண்டு எல்லாம் எழுதற மாதிரி. மிஷின் எங்க இருக்குதோ கடை அங்க இருக்கும்."

"எழுதிருங்க."

"அதுக்கு ஒரே ஒரு கட்டம் நிரப்போணும்." படிவத்தைக் காட்டினார். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'கேட்டீர்களா? எந்தத் தேதியில்?'

"என்னத்தைக் கேக்கோணும்?"

"கடை வேணுமான்னு. மிஷினை நீங்கதான் கேக்கோணும். அஞ்சு மணிக்கு ரெஜிஸ்டர் மூடிருவோம். காலியா இருந்துச்சுன்னா நாளைல இருந்து வாரத்துக்கு ஒரு சாண் குறையும்."

ஒரு கேள்விதானே, இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். யசோதா பத்தடி தூரத்தில் காயில் சுற்றும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கம்பியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"யசோதா," என்றேன்.

"என்னம்மா?"

"சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன்."

பங்கஜவல்லி என்னைப் பார்த்தார். "அது இல்லீங்க."

"தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "யசோதா."

"என்னம்மா?"

"அந்தப் பேரிங் வந்துதா?"

"காலைலயே வந்துருச்சு."

நான்கே முக்கால் ஆனது. இடது பக்கச் சுவர் என் ஸ்டூலை மெதுவாகத் தள்ளியது. வார்னிஷ் அடுப்பும் டிரில்லிங் மிஷினும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நான் மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னேன். வெளியில் வெயில் அடித்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் இத்தனை வருடம் சுற்றியது எல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். வேணும் என்று சொன்னால் அதற்கப்புறம் நான் யார் என்று தெரியவில்லை. படிவத்தில் மேற்படி என்று எழுதியது எனக்கே போதவில்லை. இரண்டுக்கும் பயந்துதான் பதினொரு வருடம் பேரிங்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

யசோதா கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். வாய்க்குள் எண்ணினாள். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு சுற்று தப்பினால் முழுக்க அவிழ்க்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். ஆனால் மணி நான்கு ஐம்பத்தாறு.

"யசோதா, இந்தக் கடை உனக்கு வேணுமா?"

அவள் கை நிற்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாற்பத்தி ஒன்று, நாற்பத்தி இரண்டு. வலது பக்கச் சுவர் பங்கஜவல்லியின் தோளைத் தொட்டது. அவர் பேனாவைத் திறந்து கட்டத்துக்கு மேல் பிடித்திருந்தார். எழுபது. எழுபத்தி ஒன்று. பக்கத்துக் கடையில் தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. மருதாசலமும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எண்பத்தி இரண்டில் யசோதா நிறுத்தினாள். கம்பியை வெட்டினாள். நூல் போட்டுக் கட்டினாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"வேணும்," என்றாள். "இங்க வேண்டாம்."

"பின்ன எங்க?"

"பைபாஸ் ரோட்டுல. மோட்டார் ஏத்திட்டு வர்ற வண்டி இந்த வீதிக்குள்ள திரும்பவே முடியல. ஆறு வருசத்துக்கு முன்னாலயே சொன்னேன். பாக்கலாம்னீங்க."

சொல்லியிருக்கிறாள். நானும் பாக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பாக்கலாம் என்றால் முடியாது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பங்கஜவல்லி தேதி போட்டார். 'உதிரி, கடை, ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தினார். மை காய்வதற்கு ஊதினார். சுவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் மாட்டிய புடவைத் தலைப்பை உருவிக்கொண்டு, "வாரேனுங்க," என்று போனார்.

யசோதா வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

கடை எழுந்தது. படுத்திருக்கும் எருமை எழுவதைப் போல முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். ஷட்டர், பலகை, எட்டு மிஷின், சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் வரிசை எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தபடி அவள் பின்னால் நடந்தன. முனையில் ஒரு பைக் குறுக்கே நின்றது. கடை பொறுமையாக நின்றது. பைக்காரர் வந்து எடுத்தார். கடை திரும்பி மறைந்தது.

நான் ஸ்டூலில் இருந்தேன். என்னைச் சுற்றிப் பதினாறு அடி சிமெண்டுத் தரை இருந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் இத்தனை நாள் இருந்திருக்கிறேன் என்பது ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் இடம் விட்டதும் மருதாசலம் முதல்முறையாக நேராகத் திரும்பினார். அவருக்கு இரண்டு காதும் இருந்தன. மீசை வைத்திருந்தார்.

"அக்கா, உங்களை நேராப் பார்த்து ரொம்ப நாளாச்சுங்க."

"ஆமாங்க."

"கடை போகுதுங்களே."

"தெரியுது."

"நீங்க போகலீங்களா?"

"நான் எந்த லிஸ்ட்லயும் இல்லீங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். நேராக நிற்கக் கிடைத்ததில் அவருக்கு மூச்சு நன்றாக வந்தது.

"நடந்து போனா யாரும் லிஸ்ட் கேக்க மாட்டாங்க," என்றார்.

நான் நடந்தேன். பைபாஸ் இரண்டு கிலோமீட்டர். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். கனமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பஞ்சர் கடைக்கும் தேங்காய்க் களத்துக்கும் நடுவில் என் கடை உட்கார்ந்திருந்தது. இருபது அடிக்குக் குறையாது. அளந்து பார்க்க டேப் உள்ளே இருந்தது. வாசலில் மூன்று டெம்போ நின்றன. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பலகையில் இன்னும் என் பெயர்தான் இருந்தது. நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்றவர், "மோட்டாருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க," என்றேன்.

என் முறை வந்தது. மேஜை புதிதாக இருந்தது. யசோதா நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க."

"வேலைக்கு ஆள் எடுக்கறதாக் கேள்விப்பட்டேன்," என்றேன். நான் அப்படி எதுவும் கேள்விப்படவில்லை.

ஒரு புது நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் முதல் வரியில் அவளுடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"பேரு?"

"மயிலாத்தாள்."

"என்ன வேலை தெரியும்?"

"காயில் கட்டுவேன். முப்பத்தோரு வருசம். இப்ப மெல்லிசுக் கம்பி கண்ணுக்குத் தெரியறதில்லை. தடிமனா இருந்தாச் சுத்துவேன்."

"எண்ணறப்பக் குறுக்க பேசுவீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பேசுவேன். குறைச்சுக்கறேன்."

அவள் எதையோ எழுதினாள். எழுதும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதும் அப்படித்தான் செய்வாள். பேனாவை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கோணும். கேட்டுத்தான் எழுதோணும். இந்த வேலை உங்களுக்கு வேணுமா?"

என் வீட்டுக்காரர் தவறிப் பதினேழாம் நாள் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். யாரோ என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். யசோதாவுக்கு மூன்று வயது. என் இடுப்பில் இருந்தாள். ஒருவர் எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, வியாழக்கிழமை வரட்டுமா என்று கேட்டார். அன்று என்னிடம் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். இது எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

இப்போது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"வேணும்," என்றேன்.

குரல் சரியாக எழும்பவில்லை. உள்ளே எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. யசோதா காதுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.